டஃப்ரினை ஒரு வரியில் கடந்துபோகாதீர்கள்

குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,



இந்திய தேசிய காங்கிரஸ் தொடங்கப்பட்டபோது வைஸ்ராயாக இருந்தவர் யார் என்று உங்களை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். டஃப்ரின் பிரபு, 1885. உடனே அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். முதல்நிலைத் தேர்வுக்கு அது போதும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்களில் சிலர் முதன்மைத் தேர்வில் உலக வரலாறு எழுதப்போகிறீர்கள். இன்னும் சிலர் வெளியுறவுப் பணியைத் தேர்ந்தெடுத்து, நாளை ஏதோ ஒரு தலைநகரத்தில் இந்தியாவின் சார்பாக மேசைக்கு முன் உட்காரப்போகிறீர்கள். அதனால்தான் வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஒருவனாக இந்த மடலை எழுதுகிறேன்.

அந்த ஒரு வரியையே சற்றுப் பிரித்துப் பாருங்கள். 1885 டிசம்பர் 28 அன்று பம்பாயில், கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் 72 பிரதிநிதிகள் கூடினார்கள். முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் ஜி. சுப்பிரமணிய ஐயர். சட்டமன்றங்களைச் சீர்திருத்த வேண்டும், சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்றெல்லாம் அந்தக் கூட்டம் கேட்டது உங்கள் குறிப்பேட்டில் இருக்கும். மேல் பர்மாவை இணைத்துக்கொள்வதை அந்தக் கூட்டம் கண்டித்ததும், அப்படியே இணைத்தாலும் பர்மாவை இந்திய நிர்வாகத்திலிருந்து பிரித்துத் தனிக் குடியேற்ற நாடாக வைக்க வேண்டும் என்று கேட்டதும் பெரும்பாலும் இருக்காது. அந்தத் தீர்மானத்தின் மை காய்வதற்குள், 1886 ஜனவரி 1 அன்று, டஃப்ரின் மேல் பர்மாவை விக்டோரியாவின் ஆட்சிப் பரப்பில் சேர்த்து அறிவிப்பு வெளியிட்டார். காங்கிரஸ் பிறந்தபோது வைஸ்ராயாக இருந்தவர் டஃப்ரின் என்பது சரிதான். காங்கிரஸ் தன் முதல் கூட்டத்திலேயே எதிர்த்து நின்ற செயலைச் செய்தவரும் அவரே. இந்த இரண்டும் ஒரே விடையில் அடங்கியிருக்கின்றன.

யார் இந்த மனிதர்?

ஃபிரெடெரிக் ஹாமில்டன் டெம்பிள் பிளாக்வுட் 1826-இல் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பிறந்தார். குடும்பம் அயர்லாந்தின் டவுன் கோட்டத்தில் நிலம் வைத்திருந்த பிரபு குடும்பம். தாயார் ஹெலன், நாடக ஆசிரியர் ஷெரிடனின் பேத்தி. அவரே பாட்டு எழுதியவர். தந்தை 1841-இல் மார்ஃபின் மருந்து அளவு மீறிப்போய்க் கப்பலில் இறந்தார். பதினைந்து வயதில் மகனுக்குப் பட்டமும் எஸ்டேட்டும் வந்தன. பிறகு ஈட்டன், ஆக்ஸ்ஃபோர்டு என்று அந்த வர்க்கத்துக்கு வழக்கமான பாதைதான். 1847-இல், அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒரு நண்பருடன் ஸ்கிபரீனுக்குப் போய், பட்டினியால் செத்தவர்களையும் சாகக் கிடந்தவர்களையும் நேரில் பார்த்து ஒரு சிறு நூல் எழுதினார். அவருடைய இரக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பின்னாளில் ஐரிஷ் குத்தகைதாரர்களின் உரிமைக்காகச் சட்டம் வர முயன்றபோது, நிலவுடைமையாளர் பக்கம் நின்று வாதாடியவரும் அவர்தான். பசித்தவனுக்கு உதவலாம், அவனுக்கு நிலத்தில் உரிமை தரக்கூடாது என்ற இந்த நிலைப்பாட்டை நினைவில் வையுங்கள். பிற்பாடு கெய்ரோவிலும் கல்கத்தாவிலும் வேறு உருவத்தில் இதையே பார்ப்பீர்கள்.

இன்னொரு விஷயம். எஸ்டேட்டின் மேல் கடன் ஏறிக்கொண்டே போனது. 1870-களில் நிலத்தின் பெரும்பகுதியை விற்க வேண்டி வந்தது. அந்தக் காலத்துப் பிரபுக்களை விளையாட்டுக்காக உலகம் சுற்றியவர்களாக நாம் நினைக்கிறோம். டஃப்ரினுக்கோ பதவியும் அதன் சம்பளமும் வேண்டியிருந்தன.

அவருடைய பணிக்காலம் சிரியாவில் தொடங்கியது. 1860-இல் லெபனான் மலையில் துரூஸ்களுக்கும் மரோனைட் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் வெடித்தது. ஜூலையில் டமாஸ்கஸ் நகரத்தில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கிறிஸ்தவர்களைக் காப்பது தன் கடமை என்று சொல்லி பிரான்ஸ் சுமார் 6,000 வீரர்களை பெய்ரூத்தில் இறக்கியது. வந்த படை திரும்பிப் போகாதோ என்பது லண்டனின் கவலை. விசாரணைக்காக ஐந்து ஐரோப்பிய வல்லரசுகளும் உஸ்மானியரும் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்தார்கள். பிரிட்டனின் பிரதிநிதியாகப் போனவர் முப்பத்து நான்கு வயது டஃப்ரின். அதற்கு முன் இப்படிப்பட்ட வேலை எதையும் அவர் பொறுப்பேற்றுச் செய்ததில்லை.

இந்தப் பகுதியை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனென்றால் அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் மதிப்புள்ள வேலை இதுதான். துரூஸ்கள் எல்லோரையும் குற்றவாளிகளாக்கிக் கூட்டமாகத் தூக்கிலிடும் வேகம் அப்போது இருந்தது. ஆதாரம் இல்லாமல் தலைகளைக் கணக்குப் பார்த்துப் பழிவாங்கக்கூடாது என்று டஃப்ரின் வாதாடினார். மாதக்கணக்கில் பேசி, 1861 ஜூனில் ஓர் ஏற்பாடு உருவானது. லெபனான் மலை உஸ்மானியப் பேரரசுக்குள்ளேயே தன்னாட்சிப் பகுதியாக இருக்கும். சுல்தான் நியமிக்கும் ஆளுநர் கிறிஸ்தவராக இருப்பார். ஆனால் லெபனான்காரராக இருக்க மாட்டார். எல்லாச் சமயத்தவரும் உள்ள நிர்வாக மன்றம் அவருக்குத் துணையிருக்கும். முதல் ஆளுநராக வந்த தாவூத் பாஷா ஓர் ஆர்மேனியக் கத்தோலிக்கர். உள்ளூர்க் கட்சிகள் எதற்கும் சொந்தமில்லாத ஆள். பிரெஞ்சுப் படை அதே மாதம் கப்பலேறியது. முதல் உலகப் போர் வரை அந்த ஏற்பாடு நீடித்தது. ஒரு தூதர் மேசையில் எழுதிய காகிதம் அரை நூற்றாண்டு ரத்தம் சிந்தாமல் காத்தது என்றால் அது சாதாரணமல்ல. அதே காகிதம்தான் அதிகாரத்தைச் சமயவாரியாகப் பங்கிடும் வழக்கத்துக்கு அங்கே ஆழமான வேர் கொடுத்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

கனடாவில் 1872 முதல் 1878 வரை தலைமை ஆளுநர். கியூபெக் நகரத்தின் பழைய கோட்டைச் சுவர்களை இடித்துத் தள்ளும் வேலை தொடங்கியிருந்த நேரத்தில் அதைத் தடுத்து, சீரமைக்கத் திட்டம் கொடுத்தார். இன்று அந்தச் சுவர் சூழ்ந்த பழைய நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. 1879-இல் ரஷ்யாவுக்குத் தூதரானார். அவர் லிபரல் கட்சிக்காரர். நியமித்தது கன்சர்வேட்டிவ் பிரதமர் டிஸ்ரேலி. 1881 மார்ச்சில் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் குண்டுவீச்சில் கொல்லப்பட்டபோது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில்தான் இருந்தார். அதே ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு மாற்றம்.

எகிப்துக்கு வருகிறேன். 1882-இல், எகிப்து எகிப்தியருக்கே என்ற குரலோடு கர்னல் அஹ்மத் ஒராபி எழுந்தார். பிரிட்டிஷ் கப்பற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தாக்கியது. எகிப்து சட்டப்படி சுல்தானின் நாடு. எனவே சுல்தான் படை அனுப்பட்டும், பிரிட்டனும் அனுப்பும் என்று கான்ஸ்டாண்டிநோபிளில் ஓர் உடன்படிக்கையை டஃப்ரின் பேசிக்கொண்டிருந்தார். துருக்கிப் படை எங்கே இறங்குவது, எத்தனை பேர், எந்த வாசகம் என்று வாரக்கணக்கில் பேச்சு நீண்டது. நிபந்தனைகள் ஏறக்குறைய ஒப்புக்கொள்ளப்பட்ட நேரத்தில், செப்டம்பர் 13 அன்று, தெல்-எல்-கெபீரில் பிரிட்டிஷ் படை ஒராபியைத் தோற்கடித்துவிட்டது. உடன்படிக்கை தேவையில்லை என்று கைவிடப்பட்டது. சுல்தானின் படை எகிப்தில் கால் வைக்கவே இல்லை. ராஜதந்திரத்தின் வெற்றி என்று இதை அவருடைய நண்பர்கள் பாராட்டினார்கள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் காலத்தை இழுப்பதும் ஒரு தூதரின் ஆயுதம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது.

நவம்பரில் டஃப்ரின் கெய்ரோவுக்கு வந்தார். ஒராபியைத் தூக்கிலிட வேண்டும் என்று எகிப்தை ஆண்ட கெதிவின் ஆட்கள் துடித்தார்கள். டஃப்ரின் குறுக்கிட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்வது, மரண தண்டனை விதிப்பது, உடனே அதை நாடுகடத்தலாக மாற்றுவது என்று ஏற்பாடாயிற்று. ஒராபியும் தோழர்களும் 1883 ஜனவரியில் கொழும்பு துறைமுகத்தில் இறங்கினார்கள். கொழும்பிலும் கண்டியிலுமாக ஒராபி பாஷா பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இலங்கை முஸ்லிம்களின் கல்வி விழிப்பில் அவருக்குப் பங்கு உண்டு. 1892-இல் தொடங்கிய கொழும்பு ஸாஹிரா கல்லூரியின் வரலாற்றில் அவர் பெயர் மரியாதையோடு சொல்லப்படுகிறது. கண்டியில் அவர் இருந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

1883-இல் டஃப்ரின் எழுதிய எகிப்து அறிக்கையைப் படித்தால் அவருடைய திறமைக்கு முன் யாரும் தலைவணங்குவார்கள். பாசனம், கடன், நீதிமன்றம், போலீஸ், விவசாயியின் முதுகில் விழும் சாட்டை எல்லாம் அதில் வருகின்றன. அதன் அடிப்படையில் மன்றங்கள் அமைந்தன; ஆனால் அவற்றுக்குக் கருத்துச் சொல்லத்தான் அதிகாரம், முடிவெடுக்க அல்ல. தற்காலிகம் என்று சொல்லி வந்த பிரிட்டிஷ் படை 1956 வரை எகிப்து மண்ணில் இருந்தது.

1884 டிசம்பரில் இந்தியா. வந்த நான்காவது மாதமே நெருக்கடி. 1885 மார்ச் 30 அன்று ஆப்கான் எல்லையிலுள்ள பஞ்ச்தேவில் ரஷ்யப் படை ஆப்கானியரைத் தாக்கியது. லண்டனில் பிரதமர் கிளாட்ஸ்டன் போருக்கென 1 கோடியே 10 லட்சம் பவுண்டு கேட்டார். தாக்குதல் செய்தி வந்த நேரத்தில் டஃப்ரினின் விருந்தாளியாக ராவல்பிண்டியில் இருந்தார் ஆப்கானிய அமீர் அப்துர் ரஹ்மான். பஞ்ச்தேவுக்காகத் தன் நாட்டை இரண்டு பேரரசுகளின் போர்க்களமாக்க அமீர் விரும்பவில்லை என்பதை டஃப்ரின் பேச்சிலேயே புரிந்துகொண்டார். அந்த நிதானத்தைத் தன் நிதானமாக்கிக்கொண்டார். போர் நடக்கவில்லை. அமீரும் வைஸ்ராயும் பொறுமை இழந்திருந்தால் எத்தனை சிப்பாய்கள் செத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இதற்கான மதிப்பெண்ணை அவருக்கு முழுதாகக் கொடுங்கள்.

ஏழு மாதம் கழித்து அதே மனிதர் பர்மாவுக்கு வேறு முகம் காட்டினார்.

பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி மேல் பர்மாக் காடுகளில் தேக்கு வெட்டி வந்தது. கொடுத்த வரிக்கு மேல் மரம் கொண்டுபோனார்கள் என்று சொல்லி, தலைநகர் மண்டலேயில் இருந்த பர்மிய அரசவை ஏறத்தாழ 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. உண்மையான காரணம் அது மட்டுமல்ல. பர்மிய மன்னர் தீபோ பிரான்ஸோடு நெருங்கிக்கொண்டிருந்தார். மண்டலேயில் ஹாஸ் என்ற பிரெஞ்சுத் தூதர் ரயில்பாதை, வங்கி என்று பேசிக்கொண்டிருந்தார். ரங்கூன் வணிகர்களுக்கு மேல் பர்மா சந்தையும் சீன எல்லைக்கான பாதையும் வேண்டியிருந்தன. லண்டனில் இந்திய மந்திரி ரேண்டால்ஃப் சர்ச்சிலுக்குத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 22 அன்று டஃப்ரினின் அரசு இறுதி எச்சரிக்கை அனுப்பியது. அபராதத்தை நிறுத்து, பிரிட்டிஷ் பிரதிநிதியை மண்டலேயில் ஏற்றுக்கொள், இனி வெளிநாட்டு உறவுகளை வைஸ்ராயின் ஆலோசனைப்படிதான் நடத்த வேண்டும், சீனாவின் யுனான் பகுதியுடனான வணிகத்துக்கு வழி செய். கெடு நவம்பர் 10. இந்த மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். சுதந்திர நாடு ஒன்று அதை ஏற்றால் அப்புறம் அது சுதந்திர நாடு அல்ல. ஏற்காவிட்டால் போர். எந்த விடை வந்தாலும் அனுப்பியவருக்கு லாபம் என்கிற மாதிரி எழுதப்பட்ட காகிதம் அது.

தீபோவின் விடை போதவில்லை என்று முடிவாயிற்று. ஜெனரல் பிரெண்டர்காஸ்டின் படை ஐராவதி நதியில் நீராவிப் படகுகளில் ஏறிப் புறப்பட்டது. அதில் மதராஸ் படைப்பிரிவுச் சிப்பாய்களும் இருந்தார்கள். நவம்பர் 28 அன்று மண்டலே விழுந்தது. மறுநாள் மன்னரையும் அரசி சுபயாலத்தையும் அரண்மனையிலிருந்து சாதாரண மாட்டுவண்டிகளில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். தெருவின் இரு பக்கமும் ஜனங்கள் விழுந்து வணங்கி அழுதார்கள். மன்னர் முதலில் கொண்டுவரப்பட்ட ஊர் எது தெரியுமா? மதராஸ். சில மாதங்கள் இங்கே வைத்திருந்துவிட்டு, 1886-இல் கொங்கணக் கரையில் இருக்கும் ரத்தினகிரிக்கு அனுப்பினார்கள். அங்கேயே 1916-இல் இறந்தார்.

ஜனவரி 1 அறிவிப்பு ஒரே ஒரு வாக்கியம். தீபோ ஆண்ட நாடு இனி அவர் ஆட்சியில் இல்லை, அது பேரரசியின் பரப்பில் சேர்ந்துவிட்டது, வைஸ்ராய் நியமிக்கும் அதிகாரிகள் அதை நிர்வகிப்பார்கள். இவ்வளவுதான். பல நூற்றாண்டு அரசு ஒன்றை முடிக்க இவ்வளவு போதுமாக இருந்தது. மறுமாதம் டஃப்ரின் தாமே மண்டலேக்குப் போய்ப் பார்த்தார். பொம்மை மன்னர் ஒருவரை உட்காரவைக்கலாமா என்ற யோசனையைக் கைவிட்டு நேரடி ஆட்சியே என்று உறுதி செய்தார். அரசவையும் கலைக்கப்பட்டது. மன்னரும் அரசவையும் போனபின் ஊர்த்தலைவர்கள் யாருக்குக் கட்டுப்படுவது? எழுச்சிகள் கிராமம் கிராமமாகப் பரவின. மூன்று வாரத்தில் முடிந்தது என்று சொன்ன போருக்குப் பின் அந்த நாட்டை அடக்க ஆண்டுக்கணக்கில், பல்லாயிரம் படைவீரர்கள் தேவைப்பட்டார்கள். கிளர்ச்சிக்காரர் எல்லோரையும் கொள்ளைக்காரர் என்று எழுதிவைத்தார்கள், ஊர்களைக் கொளுத்தினார்கள்.

செலவு யார் தலையில் விழுந்தது? ரஷ்யப் பயத்தால் பெருத்த ராணுவச் செலவும் பர்மாவும் சேர்ந்து கஜானாவைக் காலி செய்தன. 1886-இல் வருமான வரிச் சட்டம் வந்தது. 1888 ஜனவரியில் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. பர்மா எங்கே இருக்கிறது என்றே அறியாத கூலிக்காரக் குடும்பம் தன் கஞ்சிக்குப் போடும் உப்பிலிருந்து அந்தப் படையெடுப்புக்குப் பணம் கட்டியது. பம்பாயில் கூடிய 72 பேர் எதற்காக எதிர்த்தார்கள் என்று இப்போது புரியும்.

காங்கிரஸைப் பற்றி உங்கள் வழிகாட்டி நூல்களில் இன்னும் வருகிற ஒரு கருத்தையும் சொல்லிவிடுகிறேன். டஃப்ரின், ஓய்வுபெற்ற சிவில் சர்வீஸ் அதிகாரியான ஹியூமை அழைத்து, மக்களின் கோபம் வெடிக்காமல் வெளியேற ஒரு 'பாதுகாப்பு வால்வு' வேண்டும் என்று சொல்லிக் காங்கிரஸைத் தொடங்க வைத்தார் என்பது அது. 1898-இல் டபிள்யூ.சி. பானர்ஜி எழுதியதும், 1916-இல் லாலா லஜபதி ராய் எழுதியதும் அதற்கு உரமாயின. டஃப்ரினின் தனிக் கடிதங்கள் ஆராய்ச்சியாளர்கள் கைக்கு வந்தபின் அந்தக் கதை நிற்கவில்லை. 1885 மே மாதமே ஹியூமின் திட்டத்திலிருந்து விலகியிருக்கும்படி பம்பாய் ஆளுநர் ரே பிரபுவை அவர் எச்சரித்திருக்கிறார். பிபன் சந்திரா இதை விரிவாக எழுதியிருக்கிறார், படித்துவிடுங்கள்.

1886-இல் கல்கத்தா மாநாட்டுப் பிரதிநிதிகளைத் தோட்ட விருந்துக்கு அழைத்தவர், 1888 நவம்பர் 30 அன்று அதே கல்கத்தாவில் செயின்ட் ஆண்ட்ரூஸ் விருந்தில், படித்த இந்தியர்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சிறுபான்மை, அவர்கள் கையில் இந்தப் பேரரசை விட முடியுமா என்று கேட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் மதராஸில், ஆயிரம் விளக்குப் பகுதியில், மூன்றாவது மாநாடு கூடியிருந்தது. கைவினைஞர்கள்வரை அணாக் கணக்கில் நன்கொடை கொடுத்திருந்தார்கள். அவர்கள் யாரும் வைஸ்ராயின் கண்ணுக்குப் படவில்லை. விருந்தில் அப்படிப் பேசிய அதே நவம்பரில், மாகாணச் சட்டமன்றங்களை விரிவாக்கலாம் என்று லண்டனுக்கு ரகசியமாகப் பரிந்துரையும் அனுப்பினார். 1892 இந்திய கவுன்சில்கள் சட்டத்தின் விதை அதில் இருக்கிறது. பொதுவில் அவமதித்தவர்களின் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்று தனியே ஒப்புக்கொண்ட இந்தச் செயலை என்னால் மன்னிக்க முடியவில்லை. கருத்து வேறுபாட்டை நான் குறை சொல்லவில்லை. தெரிந்தே சிறுமைப்படுத்தியதைத்தான் சொல்கிறேன்.

அவர் மனைவி ஹாரியட் 1885-இல் தொடங்கிய நிதியால் இந்தியப் பெண்களுக்கு மருத்துவமனைகளும், பெண்களுக்கு மருத்துவப் படிப்பும் கிடைத்தன. அது அந்த அம்மையாரின் வேலை. அவர் பெயரிலேயே எழுதுங்கள்.

1888-இல் டஃப்ரினுக்குப் பதவி உயர்வுப் பட்டம் தந்தார்கள்: டஃப்ரின் மற்றும் ஆவாவின் மார்க்வெஸ். ஆவா என்பது மண்டலேக்கு அருகிலிருந்த பழைய பர்மிய அரச நகரம். மன்னர் ரத்தினகிரியில் காவலில் இருக்க, அவருடைய முன்னோரின் தலைநகர் ஓர் ஐரிஷ் குடும்பத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு ரோமிலும், 1896-இல் ஓய்வு பெறும்வரை பாரிஸிலும் தூதர். பணத்தேவை அப்போதும் விடவில்லை. விட்டேகர் ரைட் என்ற சுரங்க முதலாளியின் கம்பெனிக்குத் தலைவராகப் பெயர் கொடுத்தார். கணக்கு எதையும் புரிந்துகொள்ளாமல் கொடுத்த பெயர் அது. 1900 டிசம்பரில் கம்பெனி கவிழ்ந்தது. அவரை நம்பிப் பணம் போட்டவர்கள் நஷ்டமடைந்தார்கள். அவரும் இழந்தார். அதே ஆண்டு ஜனவரியில் மூத்த மகன் லேடிஸ்மித் அருகே போரில் இறந்திருந்தார். அந்த மகனின் பட்டம் ஏர்ல் ஆஃப் ஆவா. 1902 பிப்ரவரியில் டஃப்ரின் தன் கிளாண்டிபாய் வீட்டில் காலமானார்.

தம்பி, தங்கைகளே, ஒரு தூதரின் திறமையை நீங்கள் படிக்க வேண்டும். லெபனானில் அவர் காட்டிய பொறுமையையும், ராவல்பிண்டியில் எதிரில் இருப்பவரின் மனத்தைக் கேட்ட காதையும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எகிப்து அறிக்கையைப் படிக்கும்போது ஒராபியின் பக்கத்தையும், ஜனவரி 1 அறிவிப்பைப் படிக்கும்போது தீபோவின் பக்கத்தையும் தேடிப் படியுங்கள். நாளை உங்கள் கையில் ஒரு வரைவு வரும். அதில் பெயர் இல்லாத ஊர்களும் மக்களும் இருப்பார்கள். கையெழுத்துப் போடுமுன் அந்த ஊரில் ஒருவரையாவது கேட்டுவிடுங்கள்.

இப்போதைக்கு ஒரு சிறு வேலை போதும். உங்கள் குறிப்பேட்டில் 1885 என்று எழுதியிருக்கும் இடத்தில், டிசம்பர் 28-க்கு மேலே நவம்பர் 28-ஐயும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்